கடைசியாகப் பார்த்த தேதி: வலசை திரும்பும் காலத்தில் ஐந்து மாதக் குறிப்பு

வடக்கேயிருந்து குளிர்காலத்துக்கு வலசை வரும் பறவையான மஞ்சள் வாலாட்டி எங்கள் ஏரிக்கு எப்போது வந்தது என்று யாராவது கேட்டால் தேதி, நேரம், எந்தக் கரையில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது என்பது வரை சொல்லிவிடுவேன். எப்போது திரும்பிப் போனது என்று கேட்டால் முழிப்பேன். நான் மட்டும் இல்லை, எங்கள் பறவை பார்க்கும் குழுவில் இருக்கும் பதினோரு பேருமே அப்படித்தான். செப்டம்பர், அக்டோபரில் முதல் உள்ளான், முதல் தகைவிலான், முதல் கீச்சான் என்று போட்டி போட்டுக்கொண்டு செய்தி அனுப்புவோம். மார்ச் பிறந்தால் குழுவில் சத்தமே இருக்காது.

பிப்ரவரியில் ஒருநாள் நான்கு வருடத்துக் குறிப்புகளை எடுத்து வைத்துப் புரட்டினேன். எல்லா வருடமும் ஏப்ரல் முதல் வாரத்தோடு வலசைப் பறவைகளின் பதிவு நின்றுவிடுகிறது. பதினைந்து இனமும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே வாரத்தில் கிளம்புகின்றனவே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். குழுவில் மூத்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், எங்கள் எல்லோருக்கும் அவர் ‘சார்’ தான். அவரிடம் காட்டினேன். நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "அதுங்க போகலைப்பா, வெயில் ஏறினதும் நாமதான் போயிட்டோம்" என்றார்.

சரி, இந்த வருடம் நாம் போகாமல் இருந்து பார்ப்போம் என்று தொடங்கியதுதான் இது. ஏரிக்கு வரும் வலசை இனங்களில் பதினைந்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் கடைசியாகப் பார்த்த தேதியை எழுதுவது. கேட்க எளிதாகத்தான் இருந்தது.

மார்ச் 2. முதல் வாரத்திலேயே சிக்கல் புரிந்துவிட்டது. முதல் தேதி என்பது பார்த்த அன்றே தெரிந்துவிடும். கடைசித் தேதி அன்றைக்குத் தெரியாது. அதற்குப் பிறகு பல நாள் போய், அதே இடத்தில் அதே நேரம் நின்று, இல்லை, இல்லை, இல்லை என்று எழுதிய பிறகுதான் பின்னால் திரும்பிப் பார்த்து ‘ஓ, அன்றைக்குப் பார்த்ததுதான் கடைசி’ என்று சொல்ல முடியும். ஞாயிறு மட்டும் போகிறவருடைய கடைசித் தேதி உண்மையிலிருந்து ஆறு நாள் வரை தள்ளி இருக்கலாம். அதனால் ஆறு பேர் சேர்ந்து கிழமையைப் பிரித்துக்கொண்டோம், வெள்ளிக்கிழமைக்கு மட்டும் ஆள் இல்லை. ஒரே பாதை, காலையில் ஒரு மணி நேரம், மதகில் தொடங்கி நாணல் முடிகிற இடம் வரை.

பார்த்த பறவைகளைப் பட்டியலிட்டு அனுப்பும் இ-பேர்ட் இணையதளத்தில் நான் இத்தனை வருடமாகச் செய்து வந்த தப்பும் இந்த வாரம்தான் தெரிந்தது. பட்டியலை அனுப்பும்போது, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா என்று அது கேட்கும். காக்கா, மைனாவையெல்லாம் யார் எழுதுவது என்று விட்டுவிட்டு, நேர்மையாக ‘இல்லை’ என்று அழுத்திக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று சொன்னால்தான் அது முழுப் பட்டியல். முழுப் பட்டியலில்தான் எழுதாத பெயருக்கும் அர்த்தம் உண்டு, அந்த இனம் அங்கே கண்ணிலும் காதிலும் படவில்லை என்று அது பதிவாகிறது. கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் சேர்ந்து 2002ல் தொடங்கிய தளம் அது, நான் சேர்ந்தே எட்டு வருடம் ஆகிறது. எட்டு வருடமாக என் பட்டியல்களில் ‘இல்லை’ என்ற தகவலே இல்லை! இப்போது காக்காவையும் எண்ணுகிறேன்.

மார்ச் 15. ஊசிவால் வாத்து 3ஆம் தேதி நூற்றுக்கும் மேல், 9ஆம் தேதி நாற்பது சொச்சம், இன்றைக்குப் பூஜ்யம். வாத்துகளிலேயே முதலில் கிளம்பியவை இவைதான். நீலச்சிறகிகள் அப்படியே இருக்கின்றன.

இந்த மாதம் மனதுக்கு ரொம்பப் பிடித்த விஷயம் நிறம். வலசை வந்து இறங்கும்போது கரையில் நிற்பதெல்லாம் சாம்பல், பழுப்பு, மங்கல் வெள்ளை. எது எதுவென்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வோம். கிளம்புவதற்கு முன்னால் இறகு மாற்றி இனப்பெருக்கக் கோலத்துக்கு வருகின்றன. கருவால் மூக்கனின் கழுத்தும் மார்பும் செங்கல் நிறத்துக்கு ஏறிக்கொண்டே வந்தன, ஒவ்வொரு வாரமும் ஒரு பூச்சு கூடின மாதிரி. பசிபிக் பொன் உப்புக்கொத்தியின் வயிறு திட்டுத்திட்டாகக் கறுத்தது. முழுதாகக் கறுத்ததை நான் பார்க்கவில்லை. அது வடக்கே சைபீரியத் தூந்திரத்தில் இருக்கிறவர்களுக்குக் கொடுத்து வைத்தது. இத்தனை வருடம் ஏப்ரலில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வலசைப் பறவைகளுக்கு நிறமே இல்லை என்று புலம்பியிருக்கிறேன்.

மார்ச் 22. அவமானம். காலையில் முதலில் தனியாக நின்ற ஒன்றைக் கருப்பு உள்ளான் என்று எழுதி, அப்புறம் பார்த்தவற்றையும் சேர்த்து எட்டு என்று எண்ணிக்கை வேறு போட்டு அனுப்பினேன். குழுவில் கல்லூரி படிக்கும் தங்கச்சி ஒருத்தி, "அண்ணா, எட்டு கருப்பு உள்ளான் ஒரே இடத்துலயா? படம் இருக்கா?" என்று கேட்டாள். படம் இருந்தது. கண்ணுக்குப் பின்னால் வரை நீண்ட வெள்ளைப் புருவம், முதுகெல்லாம் பொரி தூவின மாதிரிப் புள்ளி, கால் மஞ்சள் சாயல். பொரி உள்ளான். கருப்பு உள்ளானுக்குப் புருவம் கண்ணோடு நின்றுவிடும், முதுகு இருண்டிருக்கும், பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் கிட்டத்தட்ட கறுப்பாகத் தெரியும். பொரி உள்ளானுக்கு அடிப்பக்கம் வெளிறி இருக்கும். அதோடு கருப்பு உள்ளான் பெரும்பாலும் தனி ஆள், கூட்டம் சேர்க்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும், இருந்தும் தப்பு. முதலாவதைப் பார்க்கும்போது வெளிச்சம் எதிரே இருந்தது, அதை வைத்தே மீதி ஏழையும் எழுதிவிட்டேன். பட்டியலைத் திருத்தினேன். மெர்லின் செயலி சத்தத்தை வைத்துச் சொல்லும் பெயரையும் இனி கண்ணால் பார்க்காமல் எழுதுவதில்லை என்று அன்றைக்கே ஒரு முடிவு. போன மாதம் அது சொன்னதை நம்பி ஒரு கதிர்க்குருவியைத் தேடி அரை மணி நேரம் புதரைச் சுற்றிச் சுற்றி வந்தது தனிக் கதை.

மார்ச் 29. இடத்தைப் பகிர்வது பற்றி ஒரு சண்டை. நாணலுக்குள் சாயங்காலம் வந்து அடையும் பூனைப்பருந்துகளின் இடத்தை ஒருவர் வரைபடத்தில் புள்ளி வைத்து அனுப்பிவிட்டார். அது அங்கிருந்து யார் யாருக்கோ போய், இரண்டு நாளில் கேமராக்காரர்கள் நாணலுக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். மூன்றாம் நாள் பருந்துகள் அங்கே அடையவில்லை. பல்லாயிரம் கிலோமீட்டர் பறக்கத் தயாராகிற நேரத்தில் அதுகளுக்குத் தேவை தீனியும் தூக்கமும், ஒவ்வொரு முறை கலைந்து எழும்போதும் உடம்பில் சேர்த்த கொழுப்பிலிருந்துதான் செலவு. அனுப்பியவர் நல்ல மனிதர், வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அதற்கப்புறம் அடையும் இடம், கூடு இரண்டையும் பொதுவில் சொல்வதில்லை, பறவை போன பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொண்டோம். ஒலியைப் போட்டுப் பறவையை வெளியே இழுப்பதும் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஏப்ரல் 11. இதற்காகத்தான் இவ்வளவும் என்று தோன்றிய நாள். காலை முறை என்னுடையது இல்லை, ஆனாலும் சாயங்காலம் சும்மா போனேன். கருவால் மூக்கன்கள் முப்பத்து நான்கு, வழக்கத்துக்கு மாறாகத் தீனி எடுக்காமல் ஓயாமல் குளித்துக்கொண்டும் இறகைக் கோதிக்கொண்டும் இருந்தன. வெயில் சாய்ந்த நேரம் நாலைந்து குரல் கொடுத்தன, பக்கத்தில் இருந்தவை பதில் கொடுத்தன, அப்புறம் மொத்தமும் ஒரே எழும்பு. ஏரிக்கு மேல் இரண்டு சுற்று. வழக்கமாகச் சுற்றிவிட்டு இறங்கும். இந்த முறை இறங்கவில்லை, சுற்று மேலே மேலே போனது. எட்டு மடங்கு பைனாகுலரில் புள்ளியாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன், வடமேற்காகப் போயின. திரும்பிப் பார்த்தால், அந்தக் கூட்டத்தில் சேராத ஆறு மூக்கன்கள் கரையில் நிற்கின்றன. அவற்றின் கழுத்தில் அந்தச் செங்கல் நிறம் அவ்வளவாக ஏறவில்லை. அன்றைக்கு அதைக் கவனித்தேனே தவிர, காரணம் புரியவில்லை.

கிளம்பும் முன் சேர்க்கும் கொழுப்பில் சில கரையோரப் பறவைகளின் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். நெடுந்தூரம் நிற்காமல் பறக்கிறவை இரைப்பை, குடல் போன்ற உறுப்புகளைச் சுருக்கிக்கொண்டு கிளம்புகின்றன, வழியில் சாப்பாடு இல்லையென்றால் அந்த எடை எதற்கு. நம் மூக்கனின் உறவான பட்டைவால் மூக்கன் ஒன்று, செயற்கைக்கோள் கருவி பொருத்தியது, 2007ல் நியூசிலாந்திலிருந்து மஞ்சள் கடல் வரை 10,000 கிலோமீட்டருக்கு மேல் இறங்காமல் பறந்து, அங்கே தின்று தேறி, அப்புறம் அலாஸ்கா போய்க் கூடு கட்டியது. அதே வருடம் திரும்பும்போது பசிபிக்கைக் குறுக்கே வெட்டி எட்டு நாளில் சுமார் 11,680 கிலோமீட்டர். படித்தபோது வெறும் எண். எங்கள் முப்பத்து நான்கு எழும்பிப் போனதைப் பார்த்த பிறகு அந்த எண்ணைப் பார்த்தால் வயிற்றில் என்னவோ செய்கிறது.

ஏப்ரல் 20. குழுவில் முணுமுணுப்பு. "இன்னைக்கும் ஒண்ணும் இல்லை" என்று தினம் ஒருவர் அனுப்பினால் படிக்கிறவர்களுக்குச் சலிப்பாகத்தானே இருக்கும். செவ்வாய்க்கிழமைக்காரர், "இல்லாததைப் பார்க்க நான் எதுக்கு அஞ்சரைக்கு எழுந்திரிக்கணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, பதில் சொல்ல முயன்று நானே உளறினேன். கடைசியில் இல்லைகளைக் குழுவில் அனுப்பாமல் ஒரு பொது அட்டவணையில் போடுவது என்று சமாதானம் ஆனது. ஒரு நல்லதும் நடந்தது. பழுப்புக் கீச்சான் 13ஆம் தேதியோடு போய்விட்டது என்று ஐந்து நாள் ‘இல்லை’ போட்ட பிறகு, அதே செவ்வாய்க்காரர்தான் இன்றைக்கு வேலிமேல் அதைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து அவர் புலம்புவதில்லை. ஐந்து ‘இல்லை’ போதாது, பத்தாக்கினோம்.

மே 6. பச்சைக்காலி ஒன்று. மஞ்சள் வாலாட்டி போன வாரத்தோடு சரி. தகைவிலானை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இங்கேயே வருடம் முழுக்க இருக்கும் தகைவிலான் இனங்களும் ஏரிக்கு மேல் பறக்கின்றன, உயரத்தில் எதிர்வெளிச்சத்தில் போகிற ஒன்று வலசைக்காரனா உள்ளூர்க்காரனா என்று சத்தியம் பண்ண முடியாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

மே 19. பச்சைக்காலிக்குப் பத்து ‘இல்லை’ சேர்ந்துவிட்டது. மே 6 என்று பச்சை மையில் எழுதி மூடினேன். பச்சை மை என்றால் முடிவானது என்று எங்களுக்குள் ஒரு கணக்கு.

மே 28. மூடியதைத் திறக்க வேண்டியதாயிற்று. மதகுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக்காலி, கூடவே ஆறு கொசு உள்ளான். இந்த வெயிலில் இவற்றுக்கு இங்கே என்ன வேலை? காயமோ என்று பார்த்தால் நன்றாக ஓடுகின்றன, பறக்கின்றன. படத்தைப் பெரிதாக்கினால் எல்லாமே மங்கல் சாம்பல், கிளம்பும் கோலத்தின் சாயலே இல்லை. சாரிடம் காட்டினேன். போன வருடம் பிறந்த குஞ்சுகள், இன்னும் இனப்பெருக்க வயது வராதவை, கரையோரப் பறவைகளில் நிறைய இப்படி முதல் கோடையை வலசை வந்த இடத்திலேயே கழிக்கும் என்றார். கூடு கட்டப்போவதில்லை என்றால் அவ்வளவு தூரம் போய் வருவது வீண்தானே. ஏப்ரலில் நிறம் ஏறாமல் நின்ற அந்த ஆறு மூக்கன்கள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

அப்படியானால் கடைசித் தேதி என்றால் எதன் கடைசி? போக வேண்டியது போன தேதியா, ஏரியில் அந்த இனமே இல்லாமல் போன தேதியா? இரண்டு வரிசையாகப் பிரித்து எழுதுகிறேன் இப்போது, ஒன்று நிறம் மாறியவை, இன்னொன்று மாறாதவை. மார்ச்சிலேயே இப்படிப் பிரித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். படம் எடுத்த நாட்களுக்கு மட்டும் பின்னோக்கிப் போய்ப் பிரிக்க முடிந்தது.

ஜூன். நான்கு பேர்தான் மிச்சம். பச்சைக்காலி அங்கேயேதான் இருக்கிறது.

ஜூலை 27. அட்டவணை இப்படி நிற்கிறது: பதினைந்தில் ஒன்பதுக்கு நம்பிக்கையான தேதி, நான்குக்குக் கேள்விக்குறி, இரண்டு காலி. ஒன்பதில் ஏழு, பழைய நோட்டுகளில் நின்றுபோன அந்த ஏப்ரல் முதல் வாரத்துக்குப் பிந்தியவை. சாருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு அவரிடமிருந்து மதகடியில் எடுத்த, கொஞ்சம் ஆடிப்போன ஒரு படம் வந்தது: இருண்ட முதுகு, கண்ணோடு நின்ற புருவம், தனியாக ஒன்று. இந்த முறை நிச்சயமாகக் கருப்பு உள்ளான்தான், வடக்கே வேலை முடிந்து திரும்பி வந்துவிட்டது. முதல் தேதி வரிசையில் எழுதிக்கொண்டேன். கேள்விக்குறிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்கும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.