பாதியில் நின்ற பதிவு

ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களில் மண்ணின் ஈரத்தையும் காற்றின் வெப்பநிலையையும் அளந்து ரேடியோ வழியாக அனுப்பும் சென்சார்களுக்கு நிரல் எழுதுவது என் பணி. சில்வர் ஓக் மரங்கள் அடர்ந்த சரிவுகளில் தொடர்பு அடிக்கடி அறுந்துபோவதால், அனுப்ப முடியாத அளவீடுகளைச் சென்சார், மின்சாரம் நின்றாலும் பதிவை இழக்காத தன் பிளாஷ் நினைவகத்தில் சேர்த்து வைத்துப் பின்னர் அனுப்ப வேண்டும். காப்பிச் செடியைப் பூக்க வைக்கும் கோடை மழை சில நாட்களில் ஓய்ந்துவிடும்; அப்போது விட்டுப்போன அளவீட்டுக்கு மறு ஆண்டுவரை ஈடு கிடையாது.

பிளாஷின் இயல்பே முதல் சிக்கல். எழுதும்போது ஒரு பிட்டை 1-லிருந்து 0 ஆக்கலாமே தவிர, அதை மீண்டும் 1 ஆக்க, செக்டர் எனப்படும் அந்த நினைவகப் பகுதி முழுவதையும், பெரும்பாலும் 4 கிலோபைட்டையும், அழித்தாக வேண்டும். சென்சாரை இயக்கும் சிறு கணினிச் சில்லான மைக்ரோகண்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் பிளாஷ் பலவற்றுக்கு 10,000 அழிப்புகளுக்கே உத்தரவாதம் உண்டு. 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தை அழித்து எழுதினால் நாளுக்கு 144 ஆகிறது. சுமார் 70 நாட்களில் வரம்பு தீர்ந்துவிடும். அதனால் பதிவுகளை அடுத்தடுத்த இடங்களில் சுற்றுமுறையில் எழுதுகிறோம்.

தேய்மானத்தைக் கணக்கிட்டுவிடலாம், மின்சாரம் நிற்கும் கணத்தைக் கணக்கிட முடியாது. மார்கழி விடியலின் குளிரில் பேட்டரியின் உள் மின்தடை கூடுகிறது. ரேடியோ மின்னோட்டத்தை இழுத்ததும் மின்னழுத்தம் சரிந்து மைக்ரோகண்ட்ரோலர் மறுதொடக்கம் ஆகிவிடக்கூடும். அந்நேரம் பிளாஷில் எழுதுவது நடந்துகொண்டிருந்தால் பதிவு பாதியில் நிற்கும். ஆகவே மின்னழுத்தத்தைச் சோதித்து, பதிவை எழுதி முடித்த பிறகே ரேடியோவை இயக்குகிறோம். தோட்ட மேற்பார்வையாளர் ஒருவர், "தம்பி, கணக்கு இல்லைன்னா இல்லைன்னு உங்க பெட்டி சொல்லட்டும், தப்புக் கணக்கு மட்டும் காட்ட வேண்டாம், அதை நம்பித்தான் தண்ணி விடறோம்" என்றார். எங்கள் வடிவமைப்புக்கு அதைவிடத் தெளிவான தேவைக் குறிப்பை எவரும் தந்ததில்லை.

ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை எண்ணும், பதிவின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சிஆர்சி சரிபார்ப்பு எண்ணும் உண்டு. சரிபார்ப்பு எண் கடைசியாகத்தான் எழுதப்படும். அமைப்பு விவரங்களுக்கு இரண்டு செக்டர்கள் இருப்பதால், புதிய பிரதி முழுமையாகிச் சரிபார்க்கப்படும்வரை பழையதைத் தொடுவதில்லை. தொடங்கும்போது இரண்டையும் படித்து, சரியானவற்றுள் பெரிய வரிசை எண் கொண்டதை எடுத்துக்கொள்கிறோம்.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. பாதி எழுதப்பட்ட பிட் இப்போது 0 எனவும், வெப்பமோ மின்னழுத்தமோ மாறியபின் 1 எனவும் படிக்கப்படலாம். ஆகவே இன்று சரிபார்ப்பில் தேறிய பதிவு நாளை தேறாமல் போகலாம். பாதி அழிக்கப்பட்ட செக்டரும் வெறுமையாகத் தோன்றி ஏமாற்றும். எனவே எழுத்தோ அழிப்போ தடைப்பட்டதாகச் சந்தேகம் வந்தால், நல்ல பிரதியை வேறோர் இடத்தில் புதிதாக எழுதிச் சரிபார்த்தபின், சந்தேகத்துக்குரிய செக்டரை மீண்டும் முழுமையாக அழிக்கிறோம்.

சேலத்திலுள்ள எங்கள் பட்டறையில், எழுத்தின் நடுவே முன்கூட்டிச் சொல்ல முடியாத கணங்களில் மின்சாரத்தைத் துண்டிக்கும் மின்சுற்று ஒன்று இரவு முழுவதும் இயங்குகிறது. காலையில் ஒரு தவறான எண் வெளிவந்திருந்தாலும் அந்த நிரல் மலையேறுவதில்லை. அடுத்த வடிவத்தில் பிளாஷுக்குப் பதிலாக எஃப்ரேம் (FRAM) என்னும் வேறு வகை நினைவகம் வைக்க எண்ணியிருக்கிறோம். அதற்கு அழிப்பு தேவையில்லை, தேய்மானமும் மிகக் குறைவு. ஆயினும் பல பைட் நீளமுள்ள பதிவு அதிலும் நடுவே அறுந்துபோகலாம் என்பதால், இரட்டைப் பிரதி முறை அங்கும் தொடரும்.