பாய்க்கடையை ஆன்லைனில் ஏற்றப் பட்ட பாடு

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது எங்கள் கடையில் தேங்கி நின்றதில் பாதி கல்யாணப் பாய். வைகாசி முகூர்த்தத்துக்காக மாப்பிள்ளை, பொண்ணு பேர் போட்டு, திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் நெய்து வந்தவை. சில கல்யாணம் தள்ளிப்போனது, சிலது வீட்டுத் திண்ணையோடு முடிந்தது. வெறும் பாய் என்றால் வேறு ஆளுக்கு விற்கலாம். இன்னொருத்தர் பேர் போட்ட பாயில் எவன் படுப்பான்? நெய்த அக்காமாருக்குக் கூலி கொடுத்தாயிற்று, கடை வாடகையும் ஓடிக்கொண்டிருந்தது. அப்படித்தான் ஆன்லைனுக்குப் போனோம்.

படம் எடுப்பது, விலை போடுவது, கணக்குத் திறப்பது எல்லாம் மச்சான் மகன் பார்த்துக்கொண்டான். அதில் ஒரு சிரமமும் இல்லை. சிரமம் முழுக்கக் காகிதத்திலும் கூரியரிலும்தான்.

முதலில் ஜிஎஸ்டி. சரக்கு விற்பவருக்கு வருஷ விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்பதெல்லாம் கடையில் உட்கார்ந்து விற்பவருக்கு. பெரிய விற்பனைத் தளங்கள் வழியாக விற்க அன்றைக்கு ஒரு ரூபாய் வியாபாரமானாலும் எண் கட்டாயம். பதிவுக்கு அரசாங்கக் கட்டணம் கிடையாது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதற்கும் ஒரு தொகை சொல்வார்கள்.

விண்ணப்பம் போட்ட கையோடு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. கடையின் கரண்ட் பில் கட்டட உரிமையாளரின் அப்பா பேரில் இருந்தது. அவர் இறந்து வருஷக்கணக்காகிறது. ஆடிட்டர் ஆபீஸ் பையன், "அண்ணாச்சி, பில்லு பெரியவர் பேர்லல்லா இருக்கு" என்று அதைப் புதுச் செய்தி மாதிரிச் சொன்னான். காகிதத்தை வாங்கி வைத்ததே அவன்தான். உரிமையாளரிடம் சம்மதக் கடிதம், வாரிசுச் சான்று நகல், சொத்து வரி ரசீது எல்லாம் வாங்கிப் போட வேண்டியதாயிற்று. பதில் சொல்ல ஏழு வேலை நாள்தான் கெடு, ஊரடங்கு நேரத்தில் ஜெராக்ஸ் கடை திறந்திருந்தாலே பெரிய காரியம். போதாக்குறைக்கு பான் கார்டில் அப்பா பேர் முழுசாக, ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால். நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். வேறு எதைத் தொடங்குமுன்னும் இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

எண் வந்ததும் தளத்தில் ஏற்றினால், ஏற்கவில்லை! அந்தப் பையன் விண்ணப்பத்தில் சின்ன வியாபாரிகளுக்கான காம்பொசிஷன் திட்டத்தை டிக் பண்ணி வைத்திருக்கிறான். "சின்னக் கடைதானே, ஒரு சதவீதம்தான் வரி, உங்களுக்கு லாபம்லா அண்ணாச்சி" என்றான். அந்தத் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு அனுப்பக் கூடாது, அன்றைய சட்டப்படி இத்தகைய தளங்களிலும் விற்கக் கூடாது. எதற்காகப் பதிவு கேட்டோமோ அதுவே முடியாது. சிஎம்பி-04 படிவம் போட்டு அதிலிருந்து வெளியே வந்தோம். அதற்குத் தனிக் கூலி கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை.

இனி கூரியர். யாரும் முன்கூட்டிச் சொல்லித் தராத விஷயம் இதுதான். ஆறுக்கு நாலு அடிப் பாய் தராசில் இரண்டு கிலோ கூட வராது. நாங்களும் அட்டைப்பெட்டியில் வைத்து இரண்டு கிலோவுக்குக் கட்டணம் போட்டு அனுப்பினோம். மாதக் கணக்கு வந்தபோது ஒவ்வொரு ஆர்டரிலும் பிடித்தம். கேட்டால், "அது கன அளவு எடை சார்" என்று ஒரே பதில். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக வைத்துக் கட்டணம் போடுவார்கள். எங்கள் பெட்டி 125 நீளம், 15 அகலம், 15 உயரம். கணக்குப்படி 5.6 கிலோ. சில பாய்க்கு லாபத்தைவிடக் கூரியர் அதிகம்.

பெட்டியைத் தூக்கிப் போட்டோம். பாயை இறுக்கிச் சுருட்டி, துணி, அதன்மேல் பாலிதீன், இரண்டு முனைக்கும் அட்டை மூடி. விட்டம் பத்து சென்டிமீட்டருக்கு வந்தால் அதே பாய் இரண்டரைக் கிலோ! ஆனால் முதலில் சுருட்டிய சிலது ஓரத்தில் முறிந்தது. பத்தமடை அக்கா ஒருத்தி கேட்டுவிட்டுத் திட்டினாள்: "வெயில்ல காஞ்ச பாயை அப்படியா இறுக்குவிய? பொழுது சாஞ்ச பொறவு சுருட்டுங்க தம்பி, கோரை வளைஞ்சு குடுக்கும்." அதற்குப் பிறகு முறியவில்லை. கட்டிய பார்சலை டேப் வைத்து அளந்து, தராசில் வைத்து, இரண்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடையில் வித்தியாசம் காட்டினால் கெடுவுக்குள் அதைப் போட்டுத்தான் பணத்தைத் திரும்ப வாங்க முடியும். ஒருமுறை முழுத் தொகையும் திரும்ப வந்தது. அன்றைக்குக் கடையில் எல்லாருக்கும் அல்வா.

பேர் போட்ட பாய்க்கு முழுப் பணமும் முன்கூட்டி. பேரைத் தமிழில் தட்டச்சு பண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்பி, சரி என்று பதில் வந்தபிறகே நெசவுக்குக் கொடுக்கிறோம். பொருள் வந்ததும் பணம் என்ற வசதியை எடுத்துவிட்டோம், ஆர்டர் போட்டுவிட்டு வாங்காமல் திருப்பினால் போகவர கூரியர் நம் தலையில். பட்டாளத்தில் இருக்கிறேன், மொத்தமாக வேண்டும், க்யூஆர் அனுப்புகிறேன் ஸ்கேன் பண்ணுங்கள் என்று மோசடிக்காரன் ஒருவன் பேசுவான். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். போனை வைத்துவிடுங்கள்.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனாலும் தேடினால் பக்கத்திலேயே பிளாஸ்டிக் பாயும் வந்து நிற்கிறது, "அது இருநூறு ரூபாய்தானே" என்று கேட்கிறார்கள். பதில் எழுதியே கை வலிக்கிறது.

இப்போது தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குள் விற்றுமுதல் உள்ளவர்கள் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்பதானால் ஜிஎஸ்டி பதிவு இல்லாமல், ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கித் தளங்களில் விற்கலாம். பெங்களூருக்கு அனுப்ப வேண்டுமானால் பழைய கதைதான். நாங்கள் ஆன்லைனில் அதிகம் விற்பது இப்போது சாப்பாட்டு மேசை விரிப்பும் கைப்பையும். பெரிய பாய் சென்னைக்கும் கோவைக்கும் லாரி பார்சலில் போகிறது, வாங்குபவரே ஆபீசில் போய் எடுத்துக்கொள்கிறார்.