சாப் 900 டர்போ கன்வெர்ட்டிபிள்: ஏபிசி கேட்டுக்கொண்டிருந்த சத்தம்

பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றழுத்தம், வந்துவிட்டது! முழுசாக, நிலையாக. மூன்றாவது கியரில் 2,500 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பூஸ்ட் மீட்டரின் முள் சிவப்புப் பட்டையின் ஓரம்வரை போய் அங்கேயே நிற்கிறது. போன சீசன் முழுக்க என்னைப் பாடாய்ப் படுத்திய கோளாறு இது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

வண்டி ஸ்வீடன் கம்பெனியான சாப்பின் 1989 மாடல் 900 டர்போ 16 கன்வெர்ட்டிபிள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள 160 குதிரைத்திறன் வகை, தண்ணீரால் குளிரும் காரெட் டி3 டர்போ. இங்கே கோதன்பர்க்கில் உப்பு போட்ட சாலையில் இதை இறக்க மனசு வராது. குளிர்காலத்தில் பதிவை நிறுத்தி ஷெட்டில் வைத்துவிடுவேன். வேலை எல்லாம் அந்த மாதங்களில்தான்.

கோளாறு இதுதான்: முள் ஏறும், ஆரஞ்சுப் பட்டையின் நடுவைத் தாண்டும், 3,000 ஆர்பிஎம் பக்கம் வந்ததும் சட்டென்று இறங்கும். யாரோ பின்னாலிருந்து வண்டியைப் பிடித்து இழுப்பது மாதிரி இருக்கும். 3,400 தாண்டினால் மறுபடி ஏறும். இந்த வண்டி வைத்திருப்பவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் சொல்லும் வைத்தியம், "ஏபிசியைக் கழற்றி எறி, கையால் திருகும் பூஸ்ட் கண்ட்ரோலர் போடு". எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. பூஸ்டைக் கூட்டிக் குறைக்கும் எலெக்ட்ரானிக் அமைப்புதான் ஏபிசி (APC); இந்த வண்டியின் மூளையே அதுதான்.

1977இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் சாப் 99 டர்போவைக் காட்டியபோது கம்ப்ரெஷன் விகிதத்தை 7.2க்கு இறக்கியிருந்தார்கள். நாக்கிங் பயம், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை தாறுமாறாகத் தானே வெடித்துவிடுமோ என்ற பயம். பூஸ்ட் இல்லாத நேரத்தில் எஞ்சின் மந்தமாக ஓடுவதுதான் அதற்குக் கொடுத்த விலை. சாப் எஞ்சினியர் பேர் யில்பிராண்ட் (Per Gillbrand) குழுவினரின் எண்ணமே வேறு: டர்போ பந்தயத்துக்கானது என்ற நினைப்பை விட்டு, சின்ன டர்போவை வைத்து, குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுவை தரவேண்டும், அன்றாடம் வேலைக்குப் போகிறவனுக்கு அது உதவ வேண்டும். அந்த எண்ணம் முழுமையானது 1982 மாடலில் ஏபிசி வந்தபோது. பிளாக்கில் ஒரு நாக் சென்சார், இன்டேக் அழுத்தத்தைப் பார்க்க ஒரு சென்சார், இக்னிஷனிலிருந்து ஆர்பிஎம் சிக்னல். மூன்றையும் பார்த்து, வேஸ்ட்கேட்டுக்கு (புகையை டர்போவுக்குள் விடாமல் திருப்பிவிட்டு பூஸ்டைக் குறைக்கும் கதவு) போகும் காற்றழுத்தத்தை ஒரு சோலினாய்டு வால்வு கட்டுப்படுத்தும். நாக்கிங் கேட்டால் பூஸ்டைக் குறைக்கும், இல்லையென்றால் எரிபொருள் தாங்கும் மட்டும் ஏற்றும். கம்ப்ரெஷன் 8.5க்கு உயர்ந்தது; 1984இல் 16 வால்வு பி202 எஞ்சின் வந்தபோது 9.0. பங்கில் எந்த ஆக்டேன் கிடைத்தாலும் எஞ்சின் தானே சமாளித்துக்கொள்ளும். இதைக் கழற்றி எறியச் சொல்கிறார்கள்!

முதலில் அடிப்படை பூஸ்டைப் பார்த்தேன். சோலினாய்டின் கனெக்டரைப் பிடுங்கிவிட்டால் டர்போ பக்கத்து சி போர்ட்டிலிருந்து வேஸ்ட்கேட் பக்கத்து டபிள்யூ போர்ட்டுக்கு நேரடி வழி. டர்போவின் அழுத்தம் முழுக்க, வேஸ்ட்கேட்டைத் திறக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும். அப்போது வருவதுதான் அடிப்படை பூஸ்ட். டாஷ்போர்டில் உள்ள மீட்டரை இதற்கு நம்பக் கூடாது, அதில் எண்ணே கிடையாது, நிறப்பட்டைகள் மட்டும்தான். டி-ஜாயின்ட் போட்டு நீள ஹோஸ் இழுத்து, நல்ல பிரஷர் கேஜை உள்ளே கொண்டுவந்தேன். மூன்றாவது கியர், முழு ஆக்சிலரேட்டர், இடது காலால் பிரேக்கை அழுத்தி 3,000இல் பிடித்து நிறுத்தினால் கேஜ் 0.55 பார் காட்டுகிறது. இருக்கவேண்டியது 0.35 பக்கம்.

எனக்கு முன் வைத்திருந்த யாரோ வேஸ்ட்கேட் ராடைத் திருகிக் குட்டையாக்கியிருக்கிறார்கள். வேகம் கூடும் என்று நினைத்திருப்பார்கள். இது ஆபத்தான வேலை. நாக்கிங் வரும்போது ஏபிசியால் அடிப்படை பூஸ்ட் அளவுக்குத்தான் இறக்க முடியும், அதற்குக் கீழே போக அதற்கு வழியே இல்லை. தரை 0.35இல் இருந்தால் எஞ்சின் பிழைக்கும். 0.55இல் இருந்தால், மட்டமான பெட்ரோலோடு வெயிலில் மலையேறும்போது பிஸ்டனுக்கு உத்தரவாதம் கிடையாது.

ராடின் முனையை லீவரின் பின்னிலிருந்து கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கிளிப் துருவோடு சேர்ந்தே உடைந்தது. பின்னில் துரு தளர்த்தும் எண்ணெயை இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் கொஞ்சம் சூடு காட்டி, இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டி ஆட்டித்தான் எடுத்தேன். சுத்தியலைத் தொடவே கூடாது. லீவரின் தண்டு வளைந்தால் வேஸ்ட்கேட் சரியாக மூடாது, டர்போவையே இறக்க வேண்டியிருக்கும். ராடின் முனையை அரைச்சுற்று அரைச்சுற்றாக நீட்டி, ஒவ்வொரு தடவையும் கை பம்பால் அழுத்தம் கொடுத்து லீவர் எப்போது அசைகிறது என்று பார்த்து, அப்புறம் ரோட்டில் சோதித்தேன். அளவு சரியாக இருக்கும்போது, ராடைக் கொஞ்சம் இழுத்தால்தான் பின்னில் மாட்டும். தொளதொளவென்று மாட்டினால் வேஸ்ட்கேட் சீக்கிரமே திறந்துவிடும். கடைசியில் 0.36. எனக்குத் திருப்தி.

இதற்குப் பிறகும் 3,000இல் முள் இறங்குவது நிற்கவில்லை.

அப்போதுதான் சோலினாய்டின் இரண்டு முனைக்கும் இணையாக ஒரு எல்இடி கட்டினேன். ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர், வால்வின் கம்பிச்சுருள் எதிர்த்திசையில் தள்ளும் வோல்டேஜைத் தடுக்க சாதாரண ரெக்டிஃபையர் டையோடு, அவ்வளவுதான். ஏபிசி பூஸ்ட் ஏற்றும்போது எல்இடி துடிக்கும், பின்வாங்கினால் அணையும். இந்த வண்டிக்கு நான் செய்ததிலேயே உருப்படியான கருவி இதுதான் என்பேன். சிம்பிளான சாமான், ஏபிசி என்ன நினைக்கிறது என்று கண்ணெதிரே காட்டுகிறது. பக்கத்து சீட்டில் தம்பியை உட்கார வைத்து ட்ரோல்ஹாட்டன் போகும் இ45 சாலையில் ஏறினேன். 3,000 தொட்டதும் "அண்ணே, லைட் அணைஞ்சிருச்சு, முள்ளும் இறங்குது" என்றான்.

ஆக, ஏபிசி வேண்டுமென்றே குறைக்கிறது. அதன் காதில் நாக்கிங் விழுகிறது. நிஜமான நாக்கிங்கா? 98 ஆக்டேன் ஊற்றினேன், அதே ஆர்பிஎம். குளிர்ந்த காலையில் போனேன், அதே ஆர்பிஎம். நிஜ நாக்கிங் என்றால் பெட்ரோலுக்கும் சூட்டுக்கும் ஏற்ப இடம் மாறும். எது செய்தாலும் 3,000இலேயே வருகிறது என்றால், எங்கேயோ ஒரு இரும்பு அந்த ஆர்பிஎம்மில் அதிர்கிறது என்று அர்த்தம். 90 மி.மீ. போர் உள்ள சிலிண்டரில் நாக்கிங் சுமார் 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும். அதே அதிர்வெண்ணில் எது கிணுகிணுத்தாலும் சென்சாருக்கு இரண்டும் ஒன்றுதான்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு சென்சாரைச் சுற்றிலும் தேடினேன். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், பிளாக்கிலிருந்த ஒரு போல்ட் துளையில், ஹோஸைத் தாங்க யாரோ ஒரு இரும்புப் பட்டியை மாட்டியிருக்கிறார்கள். தொழிற்சாலை சாமான் கிடையாது, ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பின் கைவண்ணம். நுனியில் ஹோஸ் இல்லை, போல்ட்டைச் சுற்றிப் பாதி விரிசல். விரலால் சுண்டினால் 'ணிங்' என்று மணி மாதிரி அடிக்கிறது. கழற்றித் தூரப்போட்டேன். சென்சார் உட்காரும் இடத்தைத் துரு போகத் தேய்த்து, வெறும் உலோகத்தில் பதியும்படி வைத்து, டார்க் ரெஞ்சால் முறுக்கினேன். நாக் சென்சாரைக் கண்டபடி இறுக்கினால் அதன் உணர்திறன் மாறிவிடும், கைக்கணக்கு ஆகாது. அடுத்த ஓட்டத்தில் 3,000 வந்தது, போனது, எல்இடி விடாமல் துடித்தது.

ஏபிசி மேல் பழி போட்டவர்களுக்கு இதுதான் என் பதில். அது ஒரு நாள்கூடத் தப்பு செய்யவில்லை. காதில் விழுந்ததுக்கு எது சரியோ அதைத்தான் செய்தது.

சாமான் பற்றிக் கொஞ்சம். சாப் ஆட்டோமொபைல் 2011 டிசம்பரில் திவாலானாலும் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. ஒரிஜினல் சாமான் நீச்சோப்பிங்கில் உள்ள, முன்பு ஓரியோ என்ற பெயரில் இருந்த கம்பெனியிடமிருந்து வருகிறது, மாற்றுச் சாமானுக்கு ஜெர்மனியின் ஸ்கான்டிக்ஸ். வேக்குவம் ஹோஸுக்கு மட்டும் சிலிக்கோனே வாங்குங்கள். டபிள்யூ போர்ட் ஹோஸ் டர்போ பக்கத்திலேயே கிடந்து வேகிறது, சாதா ரப்பர் அங்கே சீக்கிரம் வெடித்துவிடும்.

அடுத்தது கூரை. சாப்பின் அமெரிக்கத் தலைவர் ராபர்ட் சின்க்ளேர் விடாப்பிடியாக நின்றதால்தான் இந்தக் கன்வெர்ட்டிபிளே பிறந்தது. 1983இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் மாதிரியைக் காட்டி, 1986இலிருந்து ஃபின்லாந்தின் ஊசிகௌபுங்கியில் வால்மெட் ஆலையில் கட்டினார்கள். இந்தத் தலைமுறையில் மொத்தம் 48,888. கண்ணாடிப் பின்ஜன்னல், அதில் டிஃப்ராஸ்டர் கம்பி, மெத்தென்ற உள்துணி என்று ஸ்வீடன் குளிருக்கும் தாங்கும்படி செய்த கூரை. என்னுடையதில் இடதுபக்க ஹைட்ராலிக் சிலிண்டர் கசிகிறது, கூரை கோணலாக ஏறுகிறது. ஸ்டியரிங்கில் குலுக்கல் வேறு. சில் பகுதியில் (கதவுக்குக் கீழே ஓடும் இரும்புச் சட்டம்) துரு இருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். கூரையை வெட்டிய வண்டிக்கு பலமே அந்தச் சில்தான். சிலிண்டருக்கு சீல் கிட் ஆர்டர் போட்டாயிற்று. வந்ததும் டிக்கியில் உள்ள பம்பையும் சேர்த்தே பிரித்துவிடப்போகிறேன், இரண்டு தடவை எண்ணெய் வடிக்க என்னால் ஆகாது. ஏபிசி எல்இடியை மட்டும் கழற்றப்போவதில்லை, ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் சின்னதாக ஒரு துளை போட்டு நிரந்தரமாகவே வைக்கிறேன்.