ஏழாம் வாய்ப்பாடு

எட்டு வயதில் எனக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. முதலில் வெறும் தொண்டை வலிதான், உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளித்ததும் போய்விட்டது, வீட்டிலும் மறந்துவிட்டார்கள். ரெண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. அது வடிவதற்குள் கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு என்று வலி இடம் மாறிக்கொண்டே இருந்தது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு வழித்துக்கூட விட்டார்கள். அந்தத் தொண்டை வலியைக் கொடுத்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்கிற கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, ஆள் தெரியாமல் தன் மூட்டையும் இதய வால்வையுமே தாக்குகிற நோய் இது. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் வரும், அதாவது சரியாகப் பள்ளிக்கூடம் போகிற வயதில்.

ஆஸ்பிரின் மாத்திரை, படுக்கை. இதயத்துக்குச் சிரமம் தரக்கூடாது என்று அப்போதெல்லாம் மாதக்கணக்கில் படுக்க வைப்பார்கள்.

திரும்பப் போனபோது மூன்றாம் வகுப்பில் மீதி வரும் வகுத்தல் நடந்துகொண்டிருந்தது. தமிழில் பிரச்சினையே இல்லை, படுத்திருந்த நாளெல்லாம் கடலைப் பொட்டலத் தாள் வரைக்கும் எழுத்துக் கூட்டி வாசித்திருந்தேன். கணக்குதான் ஒன்றும் ஓடவில்லை. இன்னொரு வருஷம் அதே வகுப்பில் உட்காரட்டும் என்று பள்ளியில் சொன்னார்கள், அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

பி.டி. பீரியடில் விளையாடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. எல்லாரும் மைதானத்துக்கு ஓடியதும் நானும் நோட்டுத் திருத்துகிற டீச்சரும் மட்டும்தான் வகுப்பில் இருப்போம். ஒருநாள் என் சிலேட்டைப் பார்த்துவிட்டு, “ஏழெட்டு எவ்வளவுடா?” என்றார். நான் முழித்தேன். “வாய்ப்பாடே வராம வகுத்தலைக் கட்டிக்கிட்டு எதுக்கு அழுவுற?” என்றார்.

அவ்வளவுதான் விஷயம். வகுத்தல் எனக்குப் புரிந்திருந்தது, 56இல் எத்தனை 7 இருக்கிறது என்பதுதான் தெரியாது. ஆறாம் வாய்ப்பாட்டோடு படுத்துவிட்டேன், ஏழு, எட்டு, ஒன்பதை மற்றவர்கள் கோரஸாகக் கத்தி மனப்பாடம் செய்த மாதங்களில் நான் அங்கே இல்லை. வகுத்தலையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

கொரோனாவுக்கு அப்புறம் 2021இல் இங்கே தமிழ்நாட்டில், விட்டுப்போன பாடத்தைத் தன்னார்வலர்களை வைத்துச் சொல்லிக் கொடுக்க ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கினார்கள், நல்ல காரியம். ஆனால் அப்போது ஊரே சேர்ந்து பின்தங்கியிருந்தது, அதனால் எல்லார் கண்ணிலும் பட்டது. டெங்குவோ காசநோயோ வந்து தனியாகப் பின்தங்குகிற பிள்ளை இன்றைக்கும் உண்டு. அதற்குப் பாஸ் போட்டு மேலே அனுப்புவது சுலபம், பக்கத்தில் உட்கார்ந்து எந்த இடத்தில் அறுந்தது என்று பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

நோய் திரும்ப வராமலிருக்க பென்சதின் பென்சிலின் ஊசி, 21 நாளுக்கு ஒன்று, வருஷக்கணக்கில். கெட்டியான மருந்து, இடுப்பில் ஏற்றினால் மறுநாள் வரைக்கும் நொண்டல்தான். அதற்கும் லீவு போட்டால் பையன் என்னத்தைப் படிப்பான் என்று அம்மா புலம்பியபோது வழி சொன்னது ஊசி போடுகிற நர்ஸ் அக்காதான். 21 நாள் என்றால் சரியாக மூன்று வாரம், ஒரு தடவை சனிக்கிழமையில் ஆரம்பித்துவிட்டால் எப்போதும் சனிக்கிழமைதான் வரும். “ஞாயித்துக்கிழமை பூரா நொண்டட்டும்மா, திங்கக்கிழமை ஸ்கூலுக்கு அனுப்பிடுங்க” என்றார்.