எம்போரியாவில் ஒரு பத்திரிகைக்காரரைத் தேடி

அமெரிக்காவில், கான்சாஸ் சிட்டியிலிருந்து தென்மேற்கே காரில் இரண்டு மணி நேரத்துக்குள் எம்போரியா வந்துவிடுகிறது. ஃபிளின்ட் ஹில்ஸ் புல்வெளியின் ஓரத்தில் இருக்கும் சிறிய ஊர். நான் வந்தது வில்லியம் ஆலன் வைட் என்ற பத்திரிகைக்காரருக்காக.

அவர் 1868இல் இதே ஊரில் பிறந்தவர். 1895இல் கடன்பட்டு 3,000 டாலருக்கு எம்போரியா கெஜட் என்ற பத்திரிகையை வாங்கினார். பொறுப்பேற்க ரயிலில் வந்து இறங்கியபோது பையில் இருந்தது ஒன்றேகால் டாலர். கால் டாலர் கொடுத்துக் குதிரை வண்டி பிடிப்பதா, நடப்பதா என்று யோசித்திருக்கிறார். பத்திரிகையின் புது முதலாளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் ஊரில் யார் மதிப்பார்கள், யார் கடன் கொடுப்பார்கள்? வண்டியிலேயே போனார்.

அடுத்த ஆண்டே விவசாயிகளுக்காகப் பேசிய பாப்புலிஸ்ட் கட்சியினரைச் சாடி எழுதிய ஒரு தலையங்கம் நாடு முழுக்க மறுபதிப்பானது. பெரிய நகரங்கள் கூப்பிட்டன. போகவில்லை. 1944இல் இறக்கும்வரை இந்த ஊர்ப் பத்திரிகைதான். கோபத்தில் எழுதிய அந்தத் தலையங்கத்தின் கருத்துகளிலிருந்து பின்னாளில் அவரே வெகுதூரம் விலகிவந்தார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

மெர்ச்சன்ட் தெருவில் கெஜட் அலுவலகம் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். 1922இல் ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களை ஆதரிக்கும் சுவரொட்டிகளைக் கடைகளில் ஒட்டக் கூடாது என்று கான்சாஸ் மாநில ஆளுநர் ஹென்றி ஆலன் தடை போட்டார். ஆலன், வைட்டுக்கு நெருங்கிய நண்பர். வைட் தன் அலுவலக ஜன்னலில் சுவரொட்டியை வைத்தார். தொழிலாளர்களை நூறு சதவீதம் ஆதரிக்கிறோம் என்றிருந்ததை 49 சதவீதம் என்று மாற்றியே வைத்தார். கோரிக்கையில் அவருக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் அதைச் சொல்லும் உரிமையை விட்டுக்கொடுக்க மனமில்லை. வைட்மேல் வழக்குப் போட்டார்கள். அப்போது பேச்சுரிமை பற்றி எழுதிய தலையங்கத்துக்கு 1923இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1924இல் வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானை எதிர்த்து ஆளுநர் தேர்தலில் சுயேச்சையாக நின்று மூன்றாம் இடம் வந்தார்.

அப்புறம் அவர் வாழ்ந்த ரெட் ராக்ஸ் வீட்டுக்குப் போனேன். செந்நிறக் கல் வீடு. இப்போது மாநில அரசின் நினைவிடம். அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் விருந்தாளியாக வந்த வீடு. எனக்கு என்னவோ ரூஸ்வெல்ட்டைவிட மேரியின் நினைவுதான் வந்தது.

மேரி அவருடைய மகள். 1921 மே மாதம், குதிரைமேல் போகையில் மரக்கிளை தலையில் மோதி, பதினாறு வயதில் இறந்துபோனாள். சில நாள்களில் அப்பா அவளைப் பற்றிக் கெஜட்டில் எழுதினார். குதிரையிலிருந்து விழுந்து இறந்தாள் என்று செய்தி நிறுவனம் சொன்னது தவறு, அதைக் கேட்டால் அவளே கேலி செய்திருப்பாள் என்றுதான் தொடங்குகிறார். பெற்ற மகளின் சாவிலும் செய்தி சரியாக இருக்க வேண்டும் அவருக்கு.

ஊருக்கு அந்தக் குடும்பம் கொடுத்த பீட்டர் பான் பூங்காவில், குளக்கரையில் உட்கார்ந்து அந்தக் கட்டுரையை மறுபடி படித்தேன். பீட்டர் பான், பெரியவனாக வளராத கதைச் சிறுவன். வளர மறுத்த பீட்டர் பான் என்று மகளைச் சொல்கிறார். பூங்காவின் பெயரில் அவள்தான் இருக்கிறாள். நடுவில் ஓர் இடம் வருகிறது. உயர்நிலைப் பள்ளியில் கறுப்பினப் பெண்களுக்கு ஓய்வறை இல்லை. ஒரு பெண் கழிப்பறையில் உட்கார்ந்து படிப்பதை மேரி பார்த்துவிட்டாள். அந்த அநியாயம் பொறுக்காமல், ஓய்வறை கேட்டு ஓயாமல் நச்சரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளி எம்போரியாவின் பள்ளி. அதை நடத்தியவர்கள் கெஜட்டைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்கள். அடுத்த நாள் காலை தெருவில் அவர்கள் முகத்தில்தான் அவர் விழித்தாக வேண்டும். இரங்கல் கட்டுரையிலேயே அதையும் எழுதிவைத்தார்.