வலதா இடதா: மழைக்கால நாட்குறிப்பு

14 அக்டோபர் 2024, திங்கள்

எனக்கு மெடிக்கல் கோடிங் வேல, பேஷன்ட்டோட சார்ட்ட (ஆஸ்பத்திரி ரெக்கார்ட) படிச்சு காயத்துக்கும் அதோட காரணத்துக்கும் கோடு போடணும். பூஜை லீவு முடிஞ்சு வந்து உக்காந்த உடனே ஆடிட் எர்ரர். போன வாரம் போட்ட அமெரிக்கா சார்ட், பைக் ஆக்சிடென்ட், டிபியா (முழங்காலுக்குக் கீழ இருக்கற பெரிய எலும்பு) உடைஞ்சு தோல கிழிச்சிட்டு வெளிய வந்த கேஸ். எமர்ஜென்சி நோட்ல ஓப்பன் ஃப்ராக்சர்னு மட்டும்தான் இருந்துச்சு, டைப் சொல்லலன்னா கோடோட ஏழாவது எழுத்து பி, அதையே போட்டு க்ளோஸ் பண்ணிட்டேன். ஆனா பத்து பதினஞ்சு பக்கம் தள்ளி ஆபரேஷன் நோட்ல சர்ஜன் காயத்த கழுவி பாத்துட்டு கஸ்டிலோ 3ஏ-ன்னு (ஓப்பன் ஃப்ராக்சர் எவ்வளவு மோசம்னு சொல்ற டைப்) தெளிவா எழுதி வச்சிருக்காரு. டைப் 3ன்னா சி வரணும். காயம் ஒரு சென்டிமீட்டருக்குள்ளன்னா டைப் 1, அதுக்கு மேலன்னா 2, சதையெல்லாம் நைஞ்சு போயிருந்தா 3, இது 1976லேர்ந்து இருக்கற கணக்கு, எனக்குத் தெரியாததா? ப்ரொடக்டிவிட்டி நம்பர பாத்துகிட்டே ஸ்க்ரோல் பண்ணா இப்படித்தான் ஆகும். டிஎல் (டீம் லீடு) ஒண்ணும் சொல்லல, அந்த லைன ஹைலைட் பண்ணி அனுப்பினாங்க, அதுக்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

15 அக்டோபர், செவ்வாய்

புதுசா சேந்த பையன் ஒருத்தன், சேலம் பக்கம், பக்கத்து சீட்டு. பைக் ஆக்சிடென்ட்னா காரணத்துக்கு எந்த கோடு அக்கான்னான். வி20லேர்ந்து வி29 வரைக்கும் பூரா பைக்குதான்டா, எதுல மோதினான்னு பாருன்னேன். ஆள் மேலயோ ஆடு மாடு மேலயோ மோதினா 20, சைக்கிள் 21, இன்னொரு பைக் இல்ல ஆட்டோ 22, கார் 23, லாரி பஸ் 24, ரயிலுக்குக் கூட 25 இருக்கு, சுவர் மரம் கம்பம்னா 27, எதுலயும் மோதாம தானா வழுக்கி விழுந்தா 28. அப்புறம் ஓட்டினவனா பின்னாடி உக்காந்தவனா, ரோட்லயா ரோட்ட விட்டு வெளியவா. 2022 அக்டோபர்லேர்ந்து எலக்ட்ரிக் சைக்கிள வேற தனியா பிரிச்சிட்டாங்க. இதெல்லாம் காரணத்துக்கான கோடு, இத முதல் கோடா போடவே கூடாது, காயம்தான் முன்னாடி வரணும். எல்லாத்தையும் தலையாட்டி கேட்டுட்டு, "ஏன்க்கா, ஓப்பன் ஃப்ராக்சர் இல்லாத காயத்துக்கு ஏழாவது எழுத்து ஏ-ன்னா முதல் விசிட் தானே?"ன்னான். அங்கதான் எல்லாருமே விழுவோம். முதல் விசிட் இல்லடா, ஆக்டிவ் ட்ரீட்மென்ட் நடக்கற வரைக்கும் ஏ-தான், பத்தாவது நாள் ஆபரேஷன் பண்ணாலும் ஏ.

வெளிய ஒரே மழை.

16 அக்டோபர், புதன்

ஃப்ளோர்ல ஃபோன் அலவ்டு இல்ல, லாக்கர்ல இருக்கும். மூணு மணிக்கு எடுத்துப் பாத்தா சித்திகிட்டேர்ந்து பதினோரு மிஸ்டு கால். தம்பி (சித்தி பையன், இங்க பெங்களூர் பொம்மனஹள்ளில ரூம் எடுத்து இருக்கான்) ஓசூர் ரோடு சர்வீஸ் ரோட்ல பைக்கோட விழுந்துட்டான், நாய் குறுக்க வந்துச்சாம், பிரேக் போட்டானாம். யாரோ ஒரு ஆட்டோக்காரர் அள்ளிப் போட்டுகிட்டு வந்து சேத்திருக்காரு.

கேஷுவாலிட்டில அவன் கால பாத்ததும் எனக்கு வயித்த கலக்கிடுச்சு. ஸ்க்ரீன்ல தினமும் படிக்கறது வேற, பேன்ட்ட வெட்டி விட்டு அதுக்குள்ள பாக்கறது வேற. ஆனா இத எழுத வெக்கமா இருக்கு, அழுதுகிட்டே நிக்கறப்பவும் மண்டைக்குள்ள ஒரு பக்கம் வலது, டிபியா ஷாஃப்ட், ஓப்பன்னு ஓடிகிட்டே இருக்கு.

ட்யூட்டி டாக்டர் சின்ன பொண்ணு, ஒரே நேரத்துல மூணு பேர பாத்துட்டு இருந்தாங்க. மயக்கம் வந்துச்சான்னு கேட்டதுக்கு இவன் "தெரியல"ன்றான். ஹெல்மெட் போட்டிருந்தான், தலைல அடி எதுவும் தெரியல, ஆனாலும் அத தெரியலன்னு விட்டா எப்படி. ஆட்டோக்காரர் இன்னும் வாசல்லயே நின்னுட்டு இருந்தாரு, ஓடிப் போய் கூட்டிட்டு வந்தேன். "இல்லமா, விழுந்த உடனே அம்மான்னு கத்தினான், வர்ற வழியெல்லாம் பேசிகிட்டேதான் வந்தான்"னாரு. அத எழுதிக்கோங்க டாக்டர்னு நின்னேன், எழுதினாங்க. அவருக்கு காசு குடுக்கப் போனா சீட்ட மட்டும் தொடச்சுக் குடுங்கன்னாரு, ரத்தம் பூரா.

22 அக்டோபர், செவ்வாய்

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு, உள்ள ராடு வச்சு இன்னைக்கு டிஸ்சார்ஜ். இன்சூரன்ஸ்ல கேஷ்லெஸ் கிடைக்கல, காச கட்டிட்டு அப்புறம் க்ளெய்ம் பண்ணிக்கணும். சித்தப்பா பில்ல பாக்கறாரு, நான் டிஸ்சார்ஜ் சம்மரிய பாக்கறேன். மேல டயக்னோசிஸ்ல ஒரு ஹேஷ் (டாக்டருங்க முறிவுக்குப் போடற குறி) போட்டு, வலது கால் ரெண்டு எலும்பும் முறிவு, கிரேடு 2. கீழ ப்ரொசீஜர்ல நெயிலிங் (ராடு வைக்கறது), இடது டிபியா. இடது! அவன் இடது கால்ல ஒரு சிராய்ப்பு கூட இல்ல. பழைய பேஷன்ட் சம்மரிய காப்பி பேஸ்ட் பண்ணியிருப்பாங்க, வேற எப்படி. நாங்க ஒரு எழுத்து மாத்தினா எர்ரர், இங்க ஒரு காலயே மாத்திட்டாங்க.

சித்தப்பா "விடும்மா, கால் சரியாச்சுல்ல"ங்கறாரு. கால் சரி, காசு?

க்ளெய்ம் ஃபார்ம் ரெண்டாவது பார்ட் ஆஸ்பத்திரிதான் ஃபில் பண்ணணும். அதுல காயம்னா காரணம் என்ன, ரோடு ஆக்சிடென்ட்டா, குடிச்சிருந்தாரா, டெஸ்ட் எடுத்தீங்களா, மெடிகோ லீகல் கேஸா, போலீசுக்கு சொன்னீங்களா, எஃப்ஐஆர் நம்பர் என்ன, சொல்லலன்னா ஏன், இவ்வளவும் கேட்டிருக்கு. குடிச்சிருந்தாரான்ற கட்டத்த அப்படியே காலியா விட்டுருந்தாங்க. காலியா விட்டா இல்லன்னு அர்த்தம் கிடையாது, படிக்கறவன் இஷ்டத்துக்கு அர்த்தம் பண்ணிப்பான், எனக்குத் தெரியாதா, நானும் அப்படி படிக்கற ஆள்தானே.

26 அக்டோபர், சனி

சம்மரிய திருத்தி வாங்க ஆஸ்பத்திரி ரெக்கார்ட்ஸ் ரூம். போன தடவை போனப்பவும் "நாளெ பன்னி மேடம்" (கன்னடத்துல நாளைக்கு வாங்கன்னு அர்த்தம்), இன்னைக்கும் அதே. நான் நகரல, ஒரு ஸ்டூல்ல உக்காந்துட்டேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு ஆர்த்தோ டாக்டரே அந்தப் பக்கம் வந்தாரு, பேப்பர நீட்டினேன். பாத்தாரு, சிரிச்சாரு, பேனாவால இடதுன்றத ஒரு கோடு போட்டு அடிச்சு வலதுன்னு எழுதி, கையெழுத்து போட்டு சீல் வச்சாரு. கட்டத்துலயும் இல்லன்னு டிக் பண்ணாரு. நான் "தேதி சார்"ன்னேன். தேதி இல்லாத திருத்தத்த நான் கோடிங்ல ஒத்துக்கவே மாட்டேன். அவரு என்ன ஒரு மாதிரி பாத்தாரு, எங்க வேல பண்றீங்கன்னு கேட்டாரு, சொன்னேன், ஓஹோன்னு தேதியும் டைமும் சேத்து போட்டுக் குடுத்தாரு.

28 அக்டோபர், திங்கள்

ஃபைல் கூரியர்ல போயாச்சு, எல்லாத்துக்கும் ரெண்டு செட் ஜெராக்ஸ். தீபாவளிக்கு தம்பிய கார்லயே கிருஷ்ணகிரிக்கு கூட்டிட்டுப் போறாங்க, கால நீட்டிகிட்டு பின் சீட் பூரா அவனுக்குத்தான்.

சாயந்திரம் பாக்கப் போனப்ப, "அக்கா, நான் உங்க ஆபிஸ் சார்ட்டா வந்தா எனக்கு என்ன கோடு"ன்னு கேட்டான். வி28டா, எதுலயும் மோதாம வழுக்கி விழுந்த கேஸ்னேன். கொஞ்ச நேரம் சுவத்த பாத்துட்டு இருந்தான்.

"இல்லக்கா, நாய் மேல லைட்டா பட்டுச்சு. அம்மா திட்டுவாங்கன்னு சொல்லல."

அப்போ வி20. ஆனா சம்மரில ஸ்கிட் ஆகி விழுந்தான்னு மட்டும்தான் இருக்கு, அதனால நான் 28லயே விட்டுட்டேன். நாய்க்கு என்னாச்சுன்னு கேட்டேன், எழுந்து ஓடிடுச்சாம்.