தும்புரு தீர்த்தத்தில் ஒரு பங்குனிப் பௌர்ணமி

முப்பது வருஷமாகக் கச்சேரிகளில் தம்பூரா போடுகிறேன். அந்த வாத்தியத்துக்குப் பெயர் தந்தவர் கந்தர்வப் பாடகர் தும்புரு என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள். ஆனால் அவரைத் தனியாக யாரும் நினைப்பதில்லை. நாரதரோடு சேர்த்தே சொல்கிறோம். தொண்டரடிப்பொடியாழ்வார் திருப்பள்ளியெழுச்சியில் அரங்கன் வாசலுக்கு இருவரையும் ஒன்றாகவே அழைத்து வருகிறார். பெரியாழ்வார் பாசுரத்தில் கண்ணன் குழலூத, இருவரும் தத்தம் வீணையை மறந்து நின்றுவிடுகிறார்கள்.

அவர் பெயர் மட்டும் நிற்கிற இடம் எனக்குத் தெரிந்து திருமலைக் காட்டுக்குள் இருக்கிற தும்புரு தீர்த்தம்தான். பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி அங்கே முக்கோட்டி உற்சவம், அதாவது தீர்த்த நீராட்டத் திருவிழா.

பாபவிநாசம் வரை பஸ். அங்கிருந்து சுமார் 7 கி.மீ. நடை. இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் வர வேண்டாம் என்று தேவஸ்தானம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேர், பாறை, சரிவு, மறுபடி பாறை. கயிற்றைப் பிடித்து இறங்குகிற இடத்தில் என் முழங்கால் நடுங்கியது. மேலிருந்து ஒரு பையன், "மெல்ல அம்மா, மெல்ல" என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே என் பையை வாங்கிக்கொண்டான்.

தலபுராணத்தில் ஒரு கதை உண்டு. மாக மாத நீராட்டத்துக்கு வர மறுத்த மனைவியை, தவளையாகப் போ என்று தும்புரு சபித்துவிட்டார். அவள் இந்தத் தீர்த்தக்கரை அரசமரப் பொந்தில் கிடந்தாள். ஒருநாள் அகத்தியர் வந்து, தம் சீடர்களுக்கு இத்தீர்த்தத்தின் பெருமையைச் சொன்னார். பொந்துக்குள் இருந்தபடியே அதைக் கேட்டவள் தன் உருவை மீளப் பெற்றாள். என் மனசு அவள் பக்கம்தான். கணவர் கந்தர்வலோகத்துப் பாடகர். அவளைக் கரையேற்றியது, காது கொடுத்துக் கேட்டது. மேடையில் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிற எனக்கு அந்தக் கதை எவ்வளவு ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை.

தெலுங்குப் பக்திக் கவிஞர் தரிகொண்ட வெங்கமாம்பாவும் (1730–1817) இந்தப் பள்ளத்தாக்கில்தான் தவமிருந்தார். இன்றும் திருமலையில், இரவில் பெருமாளைத் துயில வைக்கும் ஏகாந்த சேவையின்போது அவர் பெயரால் முத்தியால ஆரத்தி நடக்கிறது. கயிறும் ஆளும் கூட்டமும் இருந்தே எனக்கு மூச்சு வாங்கிய இடத்தில், அந்தக் காலத்தில் ஒரு பெண் தனியாக!

இரண்டு பாறைச் சுவர்கள் நெருங்கி வர, வானம் ஒரு கோடாகக் குறுகியது. மார்பளவுத் தண்ணீர், குளிர் எலும்பைத் தொட்டது. எல்லோரும் அவரவர் சுருதியில் "கோவிந்தா" என்கிறார்கள். அத்தனையும் சுவரில் மோதி, கலந்து, ஒரே ரீங்காரமாகத் திரும்பி வருகிறது. நான் வாயைத் திறக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே நின்றேன். கண்ணீரா, பாறையிலிருந்து விழுகிற நீரா, தெரியவில்லை.

ஈரப் புடவையோடு கரையேறி, தொன்னையில் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

ஊர் திரும்பியதும் தம்பூராவின் உறையைக் கழற்றினேன். தந்திகளுக்கு அடியில் ரீங்காரத்துக்காக வைக்கிற பழைய ஜீவா நூல்களை எடுத்துவிட்டுப் புதிதாக நாலு இழை வைத்தேன். நடுவில் இருக்கிற சாரணித் தந்தியின் அடியில் நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, தந்தி பேசத் தொடங்கியதும் கையை எடுத்துவிட்டு, காதைக் குடத்தின் மேல் வைத்துக்கொண்டேன்.